கறுப்புச் சட்டைக்குத் தொப்பி எதுக்கு கண்ணு?

வா கண்ணு, இப்படித் திண்ணையில உக்காரு. மொத வருசம் முடிச்சு லீவுக்கு வந்திருக்கறயாமா. உன்ற அப்பன் நேத்தே தாக்கல் சொல்லிட்டான். சைபர் செக்யூரிட்டி படிக்கறயாமா. நெம்பச் சந்தோசம். உனக்கு சீட்டு கெடச்சப்பவே காந்தி சிலைகிட்ட பிளெக்ஸ் வெக்கறேன்னு உன்ற மாமன் கெளம்புனான். நாந்தான் தடுத்தேன். திருடனைப் புடிக்கப் படிக்கப்போற பையன் மூஞ்சியை ஊரு பூராத் திருடனுக்குக் காட்டிட்டா, பொறகு அவன் படிச்சு என்ன பிரயோசனம்னு கேட்டேன். மாமனுக்கு அது ஞாயமாப் பட்டுச்சு.

இப்ப ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. இந்தச் சித்திரை வெய்யில்ல, தலைக்குத் தொப்பி வெச்சுத் தெச்ச கறுப்புச் சட்டை எதுக்கு? லேப்டாப் மூடி மேல மண்டையோடு ஸ்டிக்கர் எதுக்கு? ராத்திரியானா லைட்டை அமத்திப்போட்டு, கறுப்புத் திரையில பச்சை எழுத்தை ஓட உட்டுட்டு உக்காந்துக்கற. உன்ற ஆத்தா ஜன்னல் வழியாப் பாத்துட்டு, பையனுக்குக் காத்துக் கருப்பு அண்டிருச்சுன்னு திருநீறு எடுத்துட்டு வந்துட்டா. சினிமாவுல திருட்டுப்பய அப்படி உக்காந்திருக்கான், சரி. புடிக்கறவனும் அதே வேசம் போடோணும்னு எந்தப் பல்கலைக்கழகத்துல சட்டம் போட்டிருக்குது?

இது கோயமுத்தூர் குசும்புன்னு நெனச்சுச் சிரிச்சுட்டுப் போயிராத. விசயத்துக்கு வர்றேன்.

படிப்பை நான் கொறை சொல்லலை. நம்ம பொள்ளாச்சியிலயே மகாலிங்கம் இன்ஜினியரிங் காலேஜ் 1998-லயிருந்து நடக்குது. பாலக்காட்டு ரோட்டுல எட்டிமடையில, அமிர்தாவுல இதுக்குன்னே தனியா எம்.டெக் இருக்குது. மெட்ராஸ் பல்கலைக்கழகத்துல சைபர் தடயவியலுக்கு எம்.எஸ்சி. வெச்சிருக்காங்க. அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்துல வில்லியம் ஸ்டாலிங்ஸ் எழுதுன புஸ்தகம் ஒண்ணு வரும். தலைக்கு வெச்சுப் படுத்தா கழுத்து வலிக்கும், அந்த மொத்தம். அமிர்தாக்காரங்க 2010-லயிருந்து இன்-சிடிஎஃப்னு ஒரு போட்டி நடத்தறாங்க. ஒரு மெசினுக்குள்ள ஒளிச்சு வெச்ச 'கொடி'யை, ஓட்டை எங்கிருக்குன்னு பாத்து எடுக்கோணும். அந்த மாதிரிப் போட்டிக்குப் போ. கண்முழிச்சு விளையாடு. பரீச்சைக்கு முந்துன நாள் ஜெராக்ஸ் கடையில நோட்ஸ் வாங்கறதுக்கு அது எவ்வளவோ மேல்.

உன்ற புஸ்தகத்துல ஆரம்பப் பாடங்கள்லயே ஜூலியஸ் சீசர் வந்துருவான். எழுத்தை மூணு எழுத்து தள்ளிப்போட்டு எழுதுனானாமா. பெரிய வித்தைன்னு வாத்தியார் கைதட்டச் சொல்லுவாரு. அதை ஒரு பக்கம் வெய்யி. வர்ற வியாழக்கெழம என்ற கூட நம்ம மாட்டுச்சந்தைக்கு வா. வேற சங்கதி காட்டறேன்.

ரெண்டு தரகர் எதிரும் புதிருமா நிப்பாங்க. நடுவுல ஒரு துண்டு. துண்டுக்கடியில கையைக் கோத்துக்குவாங்க. வாய் பேசாது. ஒருத்தன் ஒரு விரலைப் புடிப்பான், இன்னொருத்தன் தலையை ஆட்டுவான், மூணு விரலைப் புடிப்பான், இவன் கையை உதறுவான், மறுக்காப் புடிப்பான். சுத்தி இருவது பேர் நிப்பாங்க, ஒருத்தனுக்கும் வெலை தெரியாது. விரலுக்கு ஆயிரமா பத்தாயிரமான்னு கேக்கறயா? மாட்டைப் பாத்தாத் தெரியாதா? எலும்பும் தோலுமா நிக்கற கெடாரிக்கு ஒரு கணக்கு, காங்கேயங் காளைக்கு ஒரு கணக்கு. அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதுல என்ன சூட்சுமம்னு கவனிச்சயா? விரல் கணக்கு சந்தை பூராவும் தெரியும். சின்னப் பையனுக்கும் தெரியும். இந்த நிமிசம் எந்த விரலைப் புடிச்சான்கறது மட்டுந்தான் மறைஞ்சிருக்குது. 1883-ல அகுஸ்த் கெர்க்காஃப்ஸ்னு ஒருத்தர் இதையே எழுதி வெச்சாரு. பூட்டு எப்படி வேலை செய்யுதுன்னு எதிரிக்குத் தெரிஞ்சாலும் பரவாயில்லை, சாவி மட்டும் அவங்கையில சிக்கக்கூடாதுன்னாரு. உங்க வாத்தியார் போர்டுல அவரு பேரை எழுதி ரெண்டு கோடு போடுவாரு. நம்ம தரகருக்கு அவரு பேரும் தெரியாது, கோடும் தெரியாது. தொழில் தெரியும்.

அந்தத் துண்டுலயும் ஒரு ஓட்டை உண்டு. துணி நல்ல துணிதான். மறைக்க வேண்டியதை மறைச்சுருது. ஆனா வெலை முடிஞ்சு டீக்கடைக்குப் போனதும், தரகர் அடுத்த வேவாரிகிட்ட, "அந்த மயிலைக் காளை எவ்வளவுக்குப் போச்சு தெரியுமா?"ன்னு ஆரம்பிச்சுருவாரு பாரு, அங்க போச்சு. டீக்கு டீயும் போச்சு, ரகசியமும் போச்சு. நீ நாலு வருசம் துணி நெய்யப் படிக்கற. டீக்கடையைப் பத்தி உன்ற பாடத்துல எத்தனை பக்கம் இருக்குது? எண்ணிப் பாத்துட்டு வந்து சொல்லு.

நாஞ்சொல்றது உனக்கு நக்கலாத்தான் தெரியும். கும்பகோணத்து பேங்க்கு கதையைக் கேளு.

சிட்டி யூனியன் பேங்க். 1904-ல ஆரம்பிச்சது, தலைமை ஆபீஸ் கும்பகோணம். 2018 பிப்ரவரியில எவனோ அவிய கம்ப்யூட்டருக்குள்ள பூந்துட்டான். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பறதுக்கு ஸ்விஃப்ட்னு ஒரு வழி இருக்குதல்ல, அது வழியா மூணு உத்தரவு போட்டுட்டான். மூணும் சேந்து கிட்டத்தட்ட 20 லட்சம் டாலர். ஒண்ணு நியூயார்க் வழியா துபாய்க்கு, ஒண்ணு பிராங்க்பர்ட் வழியா துருக்கிக்கு, ஒண்ணு மறுக்கா நியூயார்க் வழியா சீனாவுக்கு. வெத்தலையும் டிகிரி காப்பியுமா இருக்கற ஊருலயிருந்து பணம் எப்படிப் பயணம் போயிருக்குது பாத்தயா?

யாரு கண்டுபுடிச்சாங்கங்கற? கறுப்புச் சட்டைக்காரனா? பச்சை எழுத்துக்காரனா? இல்லீங் சாமி. வழக்கமா நடக்கற கணக்கு ஒப்பிடற வேலை. முந்துன நாள் போனது என்ன, நாம போட்டது என்னன்னு வரிசையா ஒட்டிப் பாத்தாங்க. "இந்த மூணும் நாம போடலையே"ன்னு தெரிஞ்சுது. ஒடனே தாக்கல் போச்சு, துபாய்க்குப் போன 5 லட்சம் டாலர் வழியிலயே நின்னு திரும்புச்சு. பேரேட்டை ஒட்டிப் பாக்கறவனை எந்தக் காலேஜுலயும் மேடையேத்தி சால்வை போத்த மாட்டாங்க. அவனை வெச்சு சினிமா எடுத்தா மூணு நாள் ஓடாது.

அதுக்கு ரெண்டு வருசம் முந்தி, 2016 பிப்ரவரியில வங்கதேசத்துல நடந்தது இதுக்கு அப்பன். அவிய மத்திய பேங்க்குக்கு நியூயார்க் ஃபெடரல் ரிசர்வுல கணக்கு இருந்துச்சு. திருடன் 95 கோடி டாலருக்கு உத்தரவு போட்டான். கோடி டாலர் கண்ணு, ரூவா இல்லை. எப்பப் போட்டான்? வியாழக்கெழம ராத்திரி. வெள்ளியும் சனியும் டாக்காவுல லீவு. சனி ஞாயிறு அமெரிக்காவுல லீவு. திங்கக்கெழம சீன வருசப் பொறப்பு, பணம் போய்ச் சேர்ற மணிலாவுல லீவு. பஞ்சாங்கத்தை விரிச்சு வெச்சு முகூர்த்தம் பாத்திருக்கான்! நம்ம சனம் கண்ணாலத்துக்குக்கூட இத்தனை பாக்க மாட்டாங்க.

இவிய பக்கம் என்ன நடந்துச்சு? பணம் போற ரசீதெல்லாம் ஒரு பிரிண்டர்ல தானா அச்சாகும். அந்தப் பிரிண்டர் ஓடலை. "இது எப்பவும் மக்கர் பண்றதுதான"ன்னு உட்டுட்டாங்க. பிரிண்டர் மக்கர் பண்ணாத ஆபீஸ் இந்த ஒலகத்துல எங்க இருக்குது? திருடனுக்கு அது தெரியும். உன்ற புஸ்தகத்துக்குத்தான் தெரியாது.

பொறகு எப்படி மாட்டுச்சு? ரெண்டு கோடி டாலர் இலங்கையில ஒரு தொண்டு நிறுவனத்துக்குப் போகோணும். 'ஃபவுண்டேசன்'னு எழுத வேண்டியதை 'ஃபேண்டேசன்'னு எழுதிட்டான். நடுவுல இருந்த ஜெர்மன் பேங்க்குல ஒரு மனுசன், இதென்னடா எழுத்துன்னு திருப்பிக் கேட்டான். நின்னுபோச்சு. பெரும்பாலான உத்தரவு நின்னது அதைவிட வேடிக்கை. மணிலா பேங்க்குக் கிளை இருந்த தெருவோட பேரு ஜூபிடர். ஜூபிடர்ங்கற பேர்ல அமெரிக்கா தடை போட்ட ஈரான் கப்பல் சமாச்சாரம் ஒண்ணு இருந்துச்சாமா. அந்தப் பேரைப் பாத்து நியூயார்க்குல மெசின் முழிச்சுக்கிச்சு, மனுசங்க எடுத்துப் பாத்தாங்க. ஜூபிடர்னா வியாழன், நம்ம குரு பகவான். குரு பார்க்க கோடி நன்மைன்னு அமுச்சி சொன்னா சிரிப்பயே, இப்பச் சிரி பாக்கலாம். அப்படியும் 8 கோடி டாலருக்கு மேல மணிலா சூதாட்டக் கெளப்புக்குள்ள போயிருச்சு. குருவுக்கும் ஒரு அளவு இருக்குதல்ல.

பெரிய எடத்துல இன்னொரு சீக்கும் உண்டு, கண்ணு. வீறாப்பு. நம்ம கூடங்குளத்துல 2019-ல பாத்தமே. அணுமின் நிலையத்துக்குள்ள வைரஸ் பூந்திருச்சுன்னு பேச்சு கெளம்புச்சு. அக்டோபர் 29-ந்தேதி நிலையத்துலயிருந்து அறிக்கை வருது. எங்க கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டரெல்லாம் தனியா நிக்குது, அதுல சைபர் தாக்குதலே நடக்க முடியாதுன்னு. அடுத்த நாள் 30-ந்தேதி தலைமையிடத்துலயிருந்து இன்னொரு அறிக்கை. வைரஸ் இருந்தது நெசந்தான், ஆனா நிர்வாக வேலைக்கு இன்டர்நெட்டுல மாட்டியிருந்த ஒரு கம்ப்யூட்டர்லதான், உலைப் பக்கம் போகலைன்னு. செப்டம்பர் 4-ந்தேதியே அரசாங்கத்தோட கம்ப்யூட்டர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் சொல்லிருச்சாமா. ரெண்டு அறிக்கையும் எழுத்துக்கு எழுத்து உண்மையா இருக்கலாம். ஊர் சனத்துக்கு எது மனசுல நிக்கும்? நேத்து நடக்கவே முடியாதுன்னான், இன்னிக்கு ஆமாங்கறான், அதுதான் நிக்கும். இப்ப 2022-லயிருந்து சட்டமே போட்டுட்டாங்க. இப்படி எது நடந்தாலும் தெரிஞ்ச ஆறு மணி நேரத்துக்குள்ள செர்ட்-இன்னுக்குச் சொல்லோணும். ஆறு மணி நேரத்துல நம்ம ஆபீசுகள்ல மேலதிகாரிகிட்ட யாரு போய்ச் சொல்றதுன்னே முடிவாகாது. நீ படிச்சு முடிச்சுப் போய் உக்காந்தயின்னா அந்தச் சொல்ற ஆளா இரு. திட்டு விழுகும், விழுகட்டும்.

இன்னொண்ணு. பக்கத்துத் தோட்டத்து வைஃபை பாஸ்வேர்டை ஒடைச்சேன்னு போன வாரம் சேக்காளிககிட்ட அலும்பு பண்ணுனயாமா. எனக்கும் தாக்கல் வந்துச்சு. உங்கிட்ட அந்தத் தோட்டத்துக்காரர் அனுமதி குடுத்தாரா? இல்லையில்ல. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000. 43-ம் பிரிவு, 66-ம் பிரிவு. எடுத்துப் படி. மூணு வருசம் வரைக்கும் உள்ள வெக்கலாம், 5 லட்சம் வரைக்கும் அபராதம் போடலாம், ரெண்டையும் சேத்தும் குடுக்கலாம். 'எத்திக்கல் ஹேக்கர்'னு ரெண்டு வாரத்துல ஒரு சர்ட்டிபிகேட் வாங்கி சட்டம் போட்டு மாட்டியிருக்கறயே, அதைக் காட்டுனா ஸ்டேசன்ல டீ வாங்கிக் குடுப்பாங்கன்னு நெனச்சயா?

அமெரிக்காவுல உன்னாட்ட ஒரு பல்கலைக்கழகப் பையன் இருந்தான். ராபர்ட் மோரிஸ். கார்னெல்ல மேல்படிப்பு. அப்பாரு யாருங்கற? அந்நாட்டு உளவுத்துறையில கம்ப்யூட்டர் பாதுகாப்புக்குப் பெரிய தலை. பையன் 1988 நவம்பர் 2-ந்தேதி, தானாப் பரவற ஒரு புரோகிராமை எழுதி இன்டர்நெட்டுல உட்டான். அதுவும் தன்ற காலேஜுலயிருந்து இல்லை, எம்ஐடி மெசின்லயிருந்து. யாரையும் கெடுக்கோணும்னு இல்லையாம், சும்மா எத்தனை தூரம் போகும்னு பாக்கலாம்னு. ஆனா கணக்குத் தப்பிப்போய் ஒரே மெசின்ல திரும்பத் திரும்ப ஏறி, ஆயிரக்கணக்குல கம்ப்யூட்டரைப் படுக்க வெச்சிருச்சு. கோர்ட்டு மூணு வருச நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரம் பொதுச்சேவை, 10,050 டாலர் அபராதம்னு தீட்டுச்சு. பின்னாடி அவனே எம்ஐடியில புரொபசர் ஆயிட்டான், அது வாஸ்தவந்தான். உன்ற கண்ணு அந்தக் கடைசி வரியில போய் நிக்குதுன்னு தெரியுது. நடுவுல இருக்கறதையும் சேத்துப் படி. அவங்கப்பனுக்கு உளவுத்துறையில வேலை. உன்ற அப்பனுக்குத் தேங்கா மண்டியில.

தேங்கா மண்டின்ன ஒடனே ஞாபகம் வருது. நம்ம மேக்காலத் தோட்டத்துக்காரருக்கு ஒரு போன். இந்தியும் இங்கிலீசும் கலந்து பேசறான். பட்டாளத்து ஆபீசராமா, சூலூர் விமானப்படை முகாமுக்கு ஐநூறு எளநி வேணுமாமா. வெலை பேசவே இல்லை. நீங்க சொன்னதே வெலைங்கறான். தோட்டத்துக்காரருக்குக் குளுந்து போச்சு. யூனிபாரம் போட்ட அடையாள அட்டை போட்டோ ஒண்ணு வருது. முன்பணம் அனுப்பறேன், கியூஆர் வந்திருக்குது பாருங்க, ஸ்கேன் பண்ணி பின் நெம்பரைப் போட்டா உங்க கணக்குல பணம் ஏறிரும்ங்கறான். இவரும் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு விரலை நீட்டிட்டாரு.

அவரு சம்சாரம் பொடக்காலியில பாத்திரம் கழுவிட்டு இருந்துச்சு. எட்டாவது வரைக்கும் படிச்ச பொம்பளை. ஈரக்கையோட வந்து கேட்டுச்சு: "ஏனுங், நம்ம கணக்குக்குக் காசு வர்றதுக்கு நாம எதுக்குங் பின் நெம்பர் போடோணும்? குடுக்கறப்பத்தான போடுவீங்க?" அத்தோட சரி. "எளநி வெலை பேசாம வாங்கற ஆளை எங்காச்சும் பாத்திருக்கறீங்ளா?"ன்னு இன்னொண்ணும் கேட்டுச்சு. அவரு போனை வெச்சுட்டாரு. பணம் வாங்கறதுக்கு யுபிஐ பின் தேவையில்லைன்னு பேங்க்குக்காரங்க விளம்பரத்துக்கு எத்தனையோ செலவு பண்றாங்க. அந்தம்மாவுக்கு அஞ்சு பைசா செலவில்லாமத் தெரியுது.

படிச்சவங்க, பணக்காரங்க ஏமாற மாட்டாங்கன்னு நெனக்கறயா? லூதியானாவுல வர்த்மான் நூல் மில் குழுமத் தலைவர் எஸ். பி. ஓஸ்வால். கோயமுத்தூர் மில்லுக்காரங்களைக் கேளு, பேரு தெரியும். 2024 ஆகஸ்டுல அவரை சிபிஐன்னு சொல்லி வீடியோவுலயே 'டிஜிட்டல் அரெஸ்ட்' பண்ணிட்டாங்க. ஸ்கைப்புல சுப்ரீம் கோர்ட்டு நடத்துனாங்க. தலைமை நீதிபதியாட்டவே ஒருத்தன் பேசறான். 7 கோடி ரூவா போச்சு. ஒடனே புகார் குடுத்ததுல 5 கோடிக்கு மேல திரும்புச்சு. டிஜிட்டல் அரெஸ்ட்னு இந்தியச் சட்டத்துல ஒரு எழவும் கெடையாது. அந்த ஒரே வரியை இந்த ஊர்ல நூறு பெருசுக காதுல போட்டு வெச்சயின்னா, உன்ற டிகிரிக்கு நானே பிளெக்ஸ் வெக்கறேன்.

பணம் போச்சுன்னா நம்ம சனம் என்ன பண்ணும்? ஆனைமலைக்கு பஸ் ஏறும். மாசாணியம்மன் கோயில்ல நீதிக்கல்லு இருக்குது, மொளகாயை அரைச்சு அப்பிட்டு, என்ற காசை எடுத்தவனை நீ கேளு தாயின்னு முறையிட்டுட்டு வரும். போகட்டும், நான் வேண்டாங்கலை. ஆனா மொதல்ல 1930-க்கு போன் அடிக்கச் சொல்லு. அந்த நெம்பர்ல தாக்கல் போனா, பணம் ஒரு கணக்குலயிருந்து இன்னொண்ணுக்குத் தாவறதுக்குள்ள முடக்கப் பாப்பாங்க. நேரம் ஆக ஆகச் செதறிரும். அம்மன் சாயங்காலம் வரைக்கும் காத்திருப்பா. திருடன் கணக்குல காசு காத்திருக்காது.

இங்க சித்தெ லொள்ளை நிறுத்திக்கறேன். 2019-ல நம்மூர் பேரு நாடு பூரா எதுக்கு அடிபட்டுச்சுன்னு உனக்குத் தெரியும். நீ அப்பச் சின்னப் பையன். பழகி, நம்ப வெச்சு, வீடியோ எடுத்து, அதைக் காட்டியே பொண்ணுகளை மெரட்டுன கேசு. 2025 மே 13-ந்தேதி கோயமுத்தூர் மகளிர் கோர்ட்டு ஒம்போது பேருக்கும் சாகற வரைக்கும் செயில்னு தீர்ப்புச் சொல்லுச்சு. அந்தப் பொண்ணுக ஒருத்தரும் சாட்சியில பின்வாங்கலை. அவிய தைரியத்தோட, செல்போன்லயும் லேப்டாப்லயும் இருந்த ஆதாரமும் சேந்து நின்னுச்சு. அழிச்சதா நெனச்சதை மீட்டு எடுக்கறது, எடுத்ததை யாரும் தொடலைன்னு கோர்ட்டுல நிரூபிக்கறது, இது உன்ற படிப்புல ஒரு பேப்பராத்தான் வரும். தடயவியல். சீட்டுப் போட்டுத் தப்பிக்கற பேப்பரு இல்லை அது. அந்தக் கிளாசுக்கு மட்டும் கட் அடிச்சயின்னு தெரிஞ்சா, திண்ணைப் பக்கம் வராத.

சரி, வேலை. கேம்பஸ்ல எடுத்துக்குவாங்கறாங்க. எடுப்பாங்க. போய்ப் பாத்தா என்ன வேலை? ராத்திரி சிப்டுல உக்காந்து, திரையில வர்ற எச்சரிக்கையை ஒண்ணொண்ணாப் பாக்கோணும். நூத்துல தொண்ணூத்துச் சொச்சம் ஒண்ணுமில்லாத சமாச்சாரமா இருக்கும். மிச்சத்துல ஒண்ணு நெசமா இருக்கும். தூங்கிராம இருக்கறதுதான் அங்க வித்தை. வாய்க்கால்ல பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் தண்ணி முறை வர்றப்ப ராத்திரி முழிச்சிருந்த ஆளுகளைக் கேட்டயின்னா, முழிச்சிருக்கறது எத்தனை சிரமமான தொழிலுன்னு சொல்லுவாங்க. அதுக்கு யாரும் ஸ்டிக்கர் ஒட்டிக்கலை.

தாய்லாந்துல டேட்டா என்ட்ரி, மாசம் லட்ச ரூவா, விசா டிக்கெட் இலவசம்னு வாட்ஸப்புல வந்தா மட்டும் போயிராத. 2022-ல அப்படிப் போன நம்ம தமிழ்நாட்டுப் பையனுகளை மியான்மர்ல மியாவாடிங்கற எடத்துல அடைச்சு வெச்சு, அடுத்தவனை ஏமாத்தற வேலையைச் செய்யச் சொல்லி ஷாக்கு வெச்சாங்க. கவர்மெண்டு தலையிட்டுத்தான் மீட்டுக் கூட்டியாந்துச்சு. அவனுகள்ல இன்ஜினியரிங் முடிச்சவனும் இருந்தான். உன்னை ஏமாத்தறதுக்கு உனக்குக் கம்ப்யூட்டர் தெரிஞ்சிருக்குதுங்கறதே போதும். ஆசையைக் கண்டுபுடிக்கற மெசின் ஒண்ணும் அவனுக்கு வேண்டியதில்லை.

கடைசியா ஒரு வேலை இருக்குது. பால் சொசைட்டிக்குப் போயிருக்கறயா? செகரட்டரி மேசையில கம்ப்யூட்டர். மானிட்டர் மேல ஒரு மஞ்சச் சீட்டு. அதுல பாஸ்வேர்டு, கொட்டை எழுத்துல. பால் ஊத்தற அத்தனை பேருக்கும் மனப்பாடம். நானு கேட்டேன், ஏனுங் இப்படின்னு. மூணு மாசத்துக்கு ஒருக்கா மாத்தச் சொல்லுதுங், பெரிய எழுத்து சின்ன எழுத்து நெம்பரு குறின்னு எல்லாம் கேக்குதுங், எவன் ஞாபகம் வெச்சுக்குவான்னாரு. மாத்தறதும் என்ன மாத்தறாரு? கடைசியில ஒண்ணு இருந்தா ரெண்டு, ரெண்டு இருந்தா மூணு.

இந்தச் சட்டத்தைப் போட்டது யாருங்கற? அமெரிக்காவுல பில் பர்னு ஒரு அதிகாரி, 2003-ல அரசாங்கத்துக்கு எழுதிக் குடுத்தாரு. ஒலகமே அதைப் புடிச்சுக்கிச்சு. ரிட்டயர்டு ஆனதுக்குப் பொறகு, 2017-ல, நான் எழுதுனதுல நெறையத்துக்கு இப்ப வருத்தப்படறேன்னு பேப்பர்காரங்ககிட்டச் சொல்லிட்டாரு. அதே வருசம் அவரு வேலை பாத்த அரசாங்க நிறுவனமே, காரணமில்லாம மாத்தச் சொல்லிப் படுத்தாதீங்க, நீளமா இருந்தாப் போதும்னு புதுசா எழுதிருச்சு. அமெரிக்காவுல மாறிருச்சு. நம்ம சொசைட்டிக்குத் தாக்கல் இன்னும் வந்து சேரலை.

நாளைக்குக் காலைல பால் எடுத்துட்டு நீ போ. அந்தச் சட்டையைக் கழட்டிப் போட்டுட்டுப் போ, மாடு மெரளும். செகரட்டரிகிட்டப் பக்குவமாப் பேசி, நாலு வார்த்தை கோத்து நீளமா ஒரு பாஸ்வேர்டு வெச்சுக் குடுத்துட்டு, மஞ்சச் சீட்டைக் கிழிச்சுட்டு வா. அவரு கேப்பாரு, "தம்பி, புதுசை எங்க எழுதி வெக்கறதுங்?"ன்னு. அதுக்கு பதில் உன்ற மொத்தப் புஸ்தகத்துல எந்தப் பக்கத்துல இருக்குதுன்னு ராத்திரியே பாத்து வெச்சுக்க.